எனக்கு ஊசி குத்தின மச்சானுக்கு

என்ர செல்ல மச்சான் வசி,

எனக்குச் சுகம் வந்திட்டுதாம். உனக்குத்தான் முதலில சொல்லுறன். உன்னை விட்டால் சொல்ல வேற ஆள் இல்லை எண்டதும் உண்மைதான்.

ரெண்டு மாசத்துக்கு முன்னம் ஒரு நாள், வேலையில பிறேக் நேரம். ஹோட்டல்களில இருந்து வாற வெள்ளைத் துணியளைத் தோய்ச்சு மடிச்சு அனுப்புற பெரிய லோன்றி ஒண்டிலதான் இப்ப எனக்கு வேலை. சாப்பாட்டுப் பெட்டியோட மைக்ரோவேவுக்கு முன்னால நிக்கேக்க கிளினிக் நேர்ஸ் ரெலிபோன் எடுத்தா. இரத்தத்தில இனிக் கிருமி இல்லை, முழுசா மாறியிட்டுது எண்டா. ஹெப்பரைற்றிஸ் சி. ஜேர்மனி மறியலில, சிறைக்குள்ள, நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊசியால வாங்கின வருத்தம். மூண்டு மாசம் குளிசை போட்டன், அவ்வளவுதான். ஈரலைத் தின்னுற சாமான் இப்ப குளிசையோட போகுது, மச்சான். நீ இருந்திருந்தால் உனக்கும் போயிருக்கும்.

போனை வைச்சிட்டு அங்கேயே நிண்டு அழுதன். என்னோட மடிக்கிற கயானாக்கார மனுசி ஒண்டு ஓடி வந்து, என்ன நடந்தது எண்டு கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல? "ஊரில தங்கைச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு" எண்டிட்டன். எனக்குத் தங்கைச்சியே இல்லை எண்டு உனக்குத் தெரியும். மனுசி என்னைக் கட்டிப்பிடிச்சா. அடுத்த நாள் வீட்டில கேக் அடிச்சுக் கொண்டுவந்தா. எல்லாரும் சுத்தி நிண்டு கை தட்டிச்சினம். பிள்ளைக்கு என்ன பேர் எண்டு கேட்டினம். எனக்கு வாயில வந்தது உன்ர தங்கைச்சியின்ர பேர். நிரஞ்சினி எண்டு சொன்னன். அந்தக் கேக்கைத் தின்னேக்க எனக்கு வந்த தனிமையை நான் மறியலிலகூட அனுபவிக்கேல்லை.

இந்தக் கடிதத்தை வேற ஆக்களும் வாசிப்பினம். ஏன் எண்டு பிறகு சொல்லுறன். அதால உனக்குத் தெரிஞ்ச கதையையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டிக் கிடக்கு. கோவிக்காதை.

என்னை வேற ஒராளின்ர பாஸ்போட்டோட ரெண்டாம் முறையும் பிடிச்சு உள்ள போட்டாங்கள். நீ கடையளில களவெடுத்து வந்தவன். கதவைத் திறந்து என்னை அறைக்குள்ள தள்ளேக்க நீ மேல் கட்டிலில இருந்து எட்டிப் பார்த்து, "தமிழோ?" எண்டாய். நான் ஓம் எண்டு சொல்ல முதலே, "அப்பாடா, இனித் தமிழில ஆரோடயாவது சண்டை பிடிக்கலாம்" எண்டாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு நான் சிரிச்சன் எண்டு உனக்குத் தெரியுமோ?

தண்ணி கொதிக்கிற கேத்திலுக்குள்ள பருப்பு அவிச்சவன் நீ. கருகின மணத்துக்குக் காவல்காரன் வந்து கேட்டால், அது எங்கட சாமி கும்பிடுற மணம் எண்டு சொல்லுவாய். அவன் மன்னிப்புக் கேட்டுப் போவான். உன்ர தலைமயிரை நீ பார்த்த மாதிரி ஒரு தாய் பிள்ளையைப் பார்த்திருக்க மாட்டாள். நீ விடுற குறட்டைக்குப் பக்கத்து அறைத் துருக்கிக்காரன் சுவரில இடிப்பான்.

தூள், அதுதான் ஹெரோயின், உனக்கு வெளியிலேயே பழக்கம். ஆனா வெளியில நீ புகையாத்தான் இழுத்தனீ. ஊசியைக் கண்டால் பயம் எண்டு நீயே சொன்னனீ. உள்ள வந்த பிறகுதான் ஊசி. அங்க வாற தூள் நுள்ளுற அளவு, அதைப் புகையா விடுறது வீண், நரம்புக்குள்ள போனால்தான் காணும் எண்டு அங்க கிடந்தவங்கள் சொல்லித் தந்தாங்கள். வெளியில எந்த ஃபார்மசியிலயும் புது ஊசி வாங்கலாம். மறியலுக்குள்ள ஊசியே கிடையாது எண்டுதான் கதை. தூள் எப்பிடியோ வந்திடும், ஊசி வராது. அந்த நடையில இருந்த எல்லா அறைக்கும் ஒரே ஒரு ஊசி. மேசைப்பந்து அடிக்கிற மட்டையின்ர கைபிடிக்குள்ள அது கிடக்கும். முறை வைச்சு அறை அறையாப் போகும். முனை மழுங்கி, இலக்கம் அழிஞ்சு, ஆற்ற இரத்தம் எண்டு தெரியாமல் பச்சைத் தண்ணியில அலசி, அடுத்த ஆளுக்கு. என்ன வருத்தம் வரும் எண்டு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் கையை நீட்டினாங்கள்.

நான் கன காலம் நீட்டேல்லை. நீ குத்தேக்க நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடுவன்.

ஊரில சண்டை கடைசிக்கு வந்த நேரம். ரெலிபோன் காட்டோட வரிசையில நிண்டு எடுத்தால் ஒரு நம்பரும் வேலை செய்யாது. ஒரு நாள் லண்டனில இருக்கிற மாமா கிடைச்சார். "அம்மாவும் போட்டாவடா, பங்கர் வாசலில" எண்டார். அவ்வளவுதான், காட் முடிஞ்சிட்டுது.

அறைக்கு வந்து உன்னட்டக் கேட்டன். "எனக்கும் குத்து."

"விசரே? போய்ப் படு," எண்டாய்.

ஒரு கிழமை கேட்டன். ஒரு கிழமையும் மாட்டன் எண்டு நிண்டாய். நான் சாப்பாட்டை விட்டன், கதையை விட்டன். கடைசியில நீ கட்டிலை விட்டு இறங்கி வந்து, என்ர கையைப் பிடிச்சு நரம்பைத் தேடினாய்.  "மச்சான், இதுக்கு நான் ஒரு நாள் அனுபவிப்பன்" எண்டு சொல்லிக்கொண்டுதான் குத்தினாய். அம்மாவின்ர முகம் மெல்ல மெல்ல விலகிப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு. அண்டைக்கு அது எவ்வளவு பெரிய உதவியா இருந்தது எண்டதை நான் மறைக்கேல்லை. அது பிறகு என்னை என்ன செய்தது எண்டதையும் மறைக்கேல்லை.

கடைசி மாசங்களில நீ நிப்பாட்டியிருந்தாய். ஆரும் நம்பமாட்டினம், ஆனா நான் பார்த்தனான். வேர்த்துக் கொட்டி, சத்தி எடுத்து, சுவரில தலையை இடிச்சு, நிப்பாட்டினாய். தங்கைச்சியோட நல்ல குரலில கதைக்க வேணும் எண்டாய். வெளியில போய் முதல் பார்வை நாளுக்கு என்னைப் பார்க்க ரோல்ஸோட வருவன் எண்டாய். உள்ள சாப்பாடு கொண்டுவர விடமாட்டாங்கள் எண்டு நான் சொல்ல, "உது நான் கதைக்கிறன்" எண்டாய்.

உன்ர பெல்ற், சார்ஜ் இல்லாத ஒரு போன், ரெயின் ரிக்கற். இவ்வளத்தையும் தந்து உன்னை வெளியில விட்டாங்கள். இனி உன்ர உடம்பு பழைய அளவைத் தாங்காது, தம்பி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லியிருந்தாலும் நீ கேட்டிருப்பியோ தெரியாது. ஆனா ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்.

பார்வை நாளுக்கு நான் தாடி எடுத்து, உன்ர நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு இருந்தன். எல்லாற்ற பேரும் கூப்பிட்டாங்கள். என்னைக் கூப்பிட்டது சோசல் வேக்கர் மனுசி. தன்ர அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினா. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஆற்றயோ அறையில, உள்ளுக்குப் பூட்டின கதவுக்குப் பின்னால நீ கிடந்தாயாம். நீ குத்தினது புது அளவு இல்லை, முந்தி எடுக்கிற அதே அளவுதான். உடம்பு அதை மறந்திட்டுது. நீ மறக்கேல்லை.

உன்ர சவத்தை ஆர் எடுத்தது, ஆர் எரிச்சது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொந்தக்காரன் இல்லைத்தானே.

அதுக்குப் பிறகு நான் எப்பிடி வெளியில வந்து, எப்பிடிக் கனடாவில வந்து சேர்ந்தன் எண்டதைச் சொன்னால் கடிதம் முடியாது. ரொறொன்ரோவில கன காலம் ஒவ்வொரு நாளும் விடிய ஃபார்மசிக்குப் போய், அங்க வேலை செய்யிற பிள்ளையளுக்கு முன்னால நிண்டு, தூளை விட வைக்கத் தாற மெதடோன் மருந்தைக் குடிச்சிட்டு வேலைக்குப் போவன். தமிழ் ஆக்கள் ஆரும் நிண்டால் வெளியில நிண்டு, போன பிறகு உள்ள போவன். இப்ப அதுவும் இல்லை. வெக்ஸ்போர்ட்டில ஒரு பேஸ்மென்றில இருக்கிறன். மேல் வீட்டு அன்ரி நல்லவ, சில நாள் கறி குடுத்து விடுவா. "ஜேர்மனியில என்ன தம்பி செய்தனீங்கள்?" எண்டு கேட்டால், "ரெஸ்ரோரன்றில நிண்டனான், அன்ரி" எண்டுவன். கல்யாணம் பேசி வந்தவையும் உண்டு. நான் கையைக் காட்ட வேண்டி வரும் எண்ட பயத்தில எல்லாத்தையும் தட்டி விட்டிட்டன். வெயிலுக்கும் நீளக் கைச் சேட்டுத்தான் போடுறன்.

கேக் வெட்டின அந்தக் கிழமைதான் உன்னைக் கண்டன். தமிழ்க் கடையில மரக்கறி வாங்கிக்கொண்டு நிண்டனான். வாசலில சும்மா அடுக்கியிருக்கிற தமிழ்ப் பேப்பரை எடுத்துப் பிரட்டினால், நினைவஞ்சலிப் பக்கத்தில நீ! ஜேர்மனிக்கு வர முதல் எடுத்த படமாக்கும், கன்னம் எல்லாம் சதை. தலைமயிர் மட்டும் நீதான். "ஜேர்மனியில் விபத்தில் அகால மரணமடைந்த" எண்டு கிடந்தது. கீழ தங்கை நிரஞ்சினி, அஜக்ஸ் எண்டு ரொறொன்ரோவுக்குப் பக்கத்து ஊர். ஒரு ரெலிபோன் நம்பர். இவ்வளவு காலமும் அவள் நாலு பஸ் தரிப்புக்கு அங்கால இருக்கிற மாதிரி, இந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள், மச்சான்!

வெண்டிக்காய்ப் பையைக் கையில வைச்சுக்கொண்டே அடிச்சன். "நான் தயா. உங்கட அண்ணையோட ஜேர்மனியில இருந்தனான்," எண்டன்.  "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ, அண்ணை" எண்டாள்.

கோ எண்ட புறநகர் ரெயினில போனன். பனி உருகின சேறு. வீடு வடிவான வீடு, மச்சான். இரண்டு பிள்ளையள். அவளின்ர மனுசன் அவையளை மேல அனுப்பிப்போட்டு வந்து எதிரில இருந்தார். சுவரில உன்ர படம், அதே படம். தேத்தண்ணி வைச்சாள். அவளின்ர நெத்தியும் மூக்கும் அப்பிடியே நீ. நான் பார்க்காத மாதிரி இருந்தன்.

"அண்ணை உங்களைப் பற்றிச் சொல்லுறவர்," எண்டாள். "மறியலில இருந்து போன் எடுக்கிற நேரம் எல்லாம் தயா, தயா எண்டுதான் கதை."

எனக்குச் சந்தோசமாக் கிடந்தது. கேத்தில் கதையைச் சொல்லுவம் எண்டு வாயைத் திறக்க முதல் அவள் கேட்டாள்:

"அவருக்கு ஊசி பழக்கினது நீங்கள்தானே?"

மனுசன் நிலத்தைப் பார்த்தார்.

"அண்ணை ஊரில இருந்து போகேக்க சிகரட்கூடத் தொடமாட்டார். மறியலுக்குப் போன பிறகுதான் ஊசி எண்டு பிறகு கேள்விப்பட்டனாங்கள். அவரோட ஒரே அறையில இருந்தது நீங்கள். இவ்வளவு வருசமும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் விளக்கு ஏத்துறனான். இண்டைக்கு முகத்தைப் பார்த்துக் கேக்க வேணும் எண்டுதான் வரச் சொன்னனான்."

ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். உனக்காக அதைச் செய்யலாம் எண்டு ஒரு நிமிசம் நினைச்சன். அவளின்ர அண்ணை அவளுக்கு முழுசா மிஞ்சியிருப்பான். நான் ரெயின் ஏறிப் போயிடுவன். எனக்கு அதால என்ன குறையப் போகுது?

"இல்லை, தங்கைச்சி," எண்டன். "அவன்தான் எனக்குப் பழக்கினவன்."

அவள் எழும்பேல்லை, அழேல்லை. நான் எல்லாத்தையும் சொன்னன். அம்மா செத்தது, நான் கேட்டது, நீ மாட்டன் எண்டு ஒரு கிழமை நிண்டது, கடைசியில நீ நிப்பாட்டினது. அவள் எவ்வளத்தைக் கேட்டாளோ தெரியாது. முதல் வசனத்தோடயே அவளின்ர முகம் பூட்டியிட்டுது.

"நீங்கள் போங்கோ," எண்டாள். வாசலில சப்பாத்துப் போடேக்க மனுசன் மெல்லச் சொன்னார்: "பிள்ளையளுக்கு இது ஒண்டும் தெரியாது. இனி வராதேங்கோ." தேத்தண்ணி அப்பிடியே கிடந்தது. ஸ்ரேசன் மட்டும் நடந்தன். உன்னைத் தெரிஞ்ச ஒரே ஆளையும் நானே தொலைச்சிட்டன் எண்டு யோசிச்சுக்கொண்டு நடந்தன்.

பிறகு உன்ர நாள் வந்தது. ஸ்காபரோவில எங்கட கோயிலுக்கு லீவு போட்டிட்டுப் போனன். மோட்ச அருச்சனை செய்ய வேணும் எண்டு ஐயரிட்டச் சொன்னன்.

"பேர்?"

"வசீகரன்."

"நீங்கள் என்ன முறை?"

"மச்சான்."

"அப்ப, அவற்ர தங்கைச்சியைக் கட்டினனீங்களோ?"

"இல்லை ஐயா. சும்மா மச்சான்."

ஐயர் ஒருக்கா நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நட்சத்திரம்?" எண்டார்.

உன்ர குறட்டை தெரியும். நித்திரையில நீ கூப்பிடுற பேருகள் தெரியும். எந்தக் கையில எந்த நரம்பு மிச்சம் எண்டுகூடத் தெரியும். நட்சத்திரம் தெரியாது. பின்னால ஆக்கள் தட்டோட நிக்கினம். நான் ஒதுங்கி நிண்டு அவளின்ர நம்பரை அடிச்சன். எடுக்கமாட்டாள் எண்டுதான் நினைச்சன்.

"தயா கதைக்கிறன். வைச்சிடாதேங்கோ. கோயிலில நிக்கிறன். வசிக்கு மோட்ச அருச்சனை. நட்சத்திரம் கேக்கினம்."

 "விசாகம்" எண்டாள்.

நான் ஐயருக்குச் சொன்னன். போனைக் காதில இருந்து எடுக்கேல்லை. அவளும் வைக்கேல்லை. மணி அடிச்சு, உன்ர பேரையும் நட்சத்திரத்தையும் ஐயர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். முடிய நான் வெளியில வந்து கார் நிப்பாட்டுற இடத்தில நிண்டன்.

"அண்டைக்கு நீங்கள் பொய் சொல்லியிருக்கலாமே?" எண்டு கேட்டாள். "எனக்கு நிம்மதியா இருந்திருக்குமே. ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருக்கலாம்," எண்டன். "ஆனா பிறகு உங்களோட நான் ஆரைப் பற்றிக் கதைக்கிறது? நீங்கள் நினைக்கிறது ஒரு ஆளையும் நான் நினைக்கிறது வேற ஆளையும் எண்டால், அவனை நினைக்க நான் மட்டும்தானே மிஞ்சுவன்."

அவளின்ர வேலை இடத்தில ஆரோ அவளை இங்கிலீசில கூப்பிட்டினம். "வன் மினிட்" எண்டாள். பிறகு என்னட்ட மெல்லக் கேட்டாள்:

"அண்ணைக்கு நொந்திருக்குமோ?"

"இல்லை. நித்திரை மாதிரித்தான். எனக்கும் ஒருக்கா மறியலுக்குள்ள அப்பிடி வந்தது. பக்கத்தில ஆக்கள் நிண்டபடியால அடிச்சு எழுப்பினவை."

"அண்ணைக்குப் பக்கத்தில?"

"ஒருத்தரும் இல்லை."

அவள் அழுததை நான் கேட்டுக்கொண்டு நிண்டன்.  

இரண்டு கிழமையால ஒரு மெசேஜ் அனுப்பினாள். பேப்பரில இனி விபத்து எண்டு போட மனம் வரேல்லை எண்டு எழுதியிருந்தாள். மனுசனுக்கு விருப்பம் இல்லையாம், பறவாயில்லையாம். "எனக்கு எழுத வரேல்லை. நீங்கள் எழுதுங்கோ. பேர்களையும் போடுங்கோ. இஞ்சயும் எத்தினை பிள்ளையள் உள்ள போய் வருகுதுகள்" எண்டிருந்தாள். அதுதான் மச்சான் இந்தக் கடிதம். உனக்கும், பிள்ளை எப்ப வெளியில வருவான் எண்டு காத்துக்கொண்டு இருக்கிற ஆக்களுக்கும்.

அவையளுக்கு ஒண்டு சொல்லுறன். பிள்ளை மறியலால வாற கிழமைதான் கவனம். திட்டுறதைப் பிறகு திட்டலாம். அறையில தனியப் பூட்டிக்கொண்டு இருக்க விடாதேங்கோ. தூள் கூடி மூச்சு நிக்கப் பார்த்தால் மூக்குக்குள்ள அடிக்கிற ஸ்பிறே ஒண்டை இஞ்ச ஃபார்மசியில காசில்லாமல் தருகினம், வெக்கப்படாமல் கேளுங்கோ. அடிச்சாலும் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கோ. என்ர பையில ஒண்டு எப்பவும் கிடக்கு. சுவிசிலயும் ஸ்பெயினிலயும் சில மறியல்களில இப்ப உள்ளுக்கே புது ஊசி குடுக்கினமாம், மச்சான். கேள்விப்பட்ட அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

நிரஞ்சினி என்னை வீட்டுக்கு வரச் சொல்லேல்லை. சொல்லுவாள் எண்டும் இல்லை. முந்தி அண்ணை எண்டவள் இப்ப பேருமில்லாமல் முறையுமில்லாமல்தான் கதைக்கிறாள். ஆனா சில நாள் மத்தியானம் வேலையில இருந்து போன் எடுக்கிறாள். "ஹலோ" எண்டுகூடச் சொல்லமாட்டாள். "அவர் அங்க எந்தக் கட்டிலில படுத்தவர்?" எண்டு கேப்பாள். நான் சொல்லுவன். "சரி" எண்டு வைச்சிடுவாள். போன கிழமை, நீ ஆரையும் அடிச்சிருக்கிறியோ எண்டு கேட்டாள். ஓம், ஒருக்கா எண்டன். அதுக்கும் "சரி" எண்டாள்.

அவள் எப்ப எடுத்தாலும் நான் எடுப்பன், மச்சான். என்ன கேட்டாலும் சொல்லுவன். உன்னை இருந்ததை விட நல்லவனாக்க மாட்டன், கெட்டவனாக்கவும் மாட்டன். நீ எப்பிடி இருந்தியோ அப்பிடியே, கொஞ்சம் கொஞ்சமா, உன்னை அவளிட்டக் குடுத்து முடிப்பன். இது சத்தியம்.

கோயிலில சொன்ன முறைப்படி,
உன்ர மச்சான்,
தயா